ஜிம்பாப்வே ஐந்து நாள் ஆடிய டெஸ்ட்

வியாழன், காலை 6.25. செங்கோட்டை வண்டி என்னை ராஜபாளையத்தில் இறக்கிவிட்டது. நான் போக வேண்டிய ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அது இதற்கு முந்தைய நிறுத்தம். ஆடித் திருவிழா நெருங்கிவிட்டதால் அங்கே எந்த லாட்ஜிலும் அறை இல்லை, அதனால் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்க வேண்டியதாயிற்று. நண்பன் சாகுல் வீட்டிலேயே தங்கலாம் என்று அவன் மனைவி பாத்திமா போனில் சொல்லியிருந்தாள். நோயாளியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவளை எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்ல மனம் வரவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாளுக்கு எண்ணூறு ரூபாய்க்கு ஓர் அறை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை தெரிந்தது. மலையோடு கொசுவும் உள்ளே வந்ததால் மூடிவிட்டேன்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. ஒரு டெஸ்ட் மேட்ச்சுக்காக வந்தேன். மேட்ச் நடப்பதோ ஆப்பிரிக்காவில், புலவாயோ என்ற ஊரில். ஜிம்பாப்வேக்கும் நியூசிலாந்துக்கும் ஆட்டம். பூனைக்கும் யானைக்கும் பந்தயம் வைத்த மாதிரி. இந்தியத் தொலைக்காட்சி எதிலும் அது வரவில்லை. போனில் பந்துக்குப் பந்து எழுத்தில் போடுவார்கள், அதைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். இதற்குச் சென்னையிலிருந்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஏன் வர வேண்டும் என்று என் மனைவி கேட்கவில்லை. அவளுக்கும் சாகுலைத் தெரியும்.

சாகுலும் நானும் இருபது வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே டீமில் முதல் ஜோடியாக இறங்கியவர்கள். ராஜபாளையத்து மில் டீம்கள் எங்களை நாற்பது ரன்னுக்குள் சுருட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் காலத்திலிருந்தே தோற்கிற டீம் எதுவோ அதுதான் அவன் டீம். பிறகு நான் சென்னைக்கு இன்ஷூரன்ஸ் வேலைக்குப் போனேன். அவன் பெயிண்ட் கடை வைத்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பயராக நின்றான், பதினைந்து வருஷம். சட்டத்தில் கறாரானவன் என்று பெயர் எடுத்தவன். சொந்த மைத்துனனுக்கே எல்பிடபிள்யூ கொடுத்து மூன்று மாதம் மாமியார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தான்.

இப்போது அவனுக்கு ஈரலில் புற்றுநோய். மதுரை ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

காலை 11.00. பஸ்ஸில் பதின்மூன்று ரூபாய், முக்கால் மணி நேரம். வழியெல்லாம் திருவிழாவுக்குப் போகிற கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் தேருக்கா என்று கேட்டார். மேட்ச்சுக்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

சாகுல் கட்டிலில் கிடந்தான். ஆள் பாதியாகியிருந்தான். கண் மஞ்சளித்து, வெளிச்சம் பட்டாலே கூசுகிறது என்று நெற்றியிலிருந்து கண்வரை ஒரு ஈரத்துண்டைப் போட்டிருந்தார்கள். துண்டுக்கு அடியிலிருந்து, "வந்துட்டியாலே மாப்ள, டாஸ் போட்டாச்சா?" என்று கேட்டான். நான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். அவனுக்குத் தெரியாது என்பதில் ஒரு வசதி இருந்தது.

அவன் மகள் நஸ்ரின் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். விசாவைப் புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்த நேரத்தில்தான் இங்கே அப்பாவை ஆஸ்பத்திரியில் கைவிட்டார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்து டிக்கெட் கிடைத்தது ஞாயிறு இரவு விமானத்துக்குத்தான், வீடு வந்து சேரத் திங்கள் காலை ஆகிவிடும். அன்று வியாழன். இடையில் நான்கு நாள். வீட்டுக்கு வந்து ஊசி போடுகிற நர்ஸம்மா நான்கு நாளுக்கு உறுதி சொல்லவில்லை.

சாகுல் சொன்னான்: "இந்த மேட்ச் முடியுற வரைக்கும் இருக்கேன்லே. அதுக்குள்ள அவ வந்துருவா."

பாத்திமா என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டாள். திருமணமான நாளிலிருந்து கிரிக்கெட்டைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி 'எப்ப முடியும்' என்பதுதான். இப்போது வேறு மாதிரி கேட்டாள்.

"அண்ணே, அஞ்சு நாளும் நடக்கும்லா?"

நான் யோசிக்காமல், டெஸ்ட் மேட்ச் என்றால் ஐந்து நாள்தானே தங்கச்சி, திங்கள் வரை நடக்கும் என்று சொல்லிவிட்டேன். ஐந்து நாள் மேட்ச் என்பது அதன் பெயர். ஐந்து நாளும் நடப்பதற்கு இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்திருக்க வேண்டும். அவள் அப்போதே மஸ்கட்டுக்குப் போன் போட்டு, அத்தா மேட்ச் முடிகிறவரை இருப்பார்கள், ஐந்து நாள் இருக்கிறது, பதறாமல் வா என்று மகளிடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மதியம் 1.30. நம் ஊர் நேரத்துக்கு ஆட்டம் ஆரம்பம். ஜிம்பாப்வே முதலில் ஆடியது. போனைப் பார்த்து ரேடியோ வர்ணனையாளர் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். ஆட்டக்காரர்களின் பெயர்கள் இரண்டு பேர் வாயிலும் நுழையாததால் சாகுல் பட்டப்பெயர் வைத்தான். நியூசிலாந்தின் உயரமான வேகப்பந்து வீச்சாளர் 'நெட்டையன்'. எந்தப் பந்தையும் அடிக்காமல் கட்டை போட்டுக்கொண்டே இருந்த ஜிம்பாப்வேயின் துவக்க ஆட்டக்காரர் 'வாத்தியார்'. அவருக்கு மறுமுனையில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். மாலை ஆறரைக்கு மேல், தேநீர் இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில், 138 ரன்னுக்கு எல்லோரும் அவுட்.

பாத்திமா வந்து, ஒரு நாளிலேயே பத்துப் பேரும் போய்விட்டார்களே என்றாள். இன்னொரு தடவை வருவார்கள் என்றேன்.

வெள்ளி, காலை 7.30. ஆட்டம் மத்தியானம்தான் என்பதால் காலையில் அய்யனார் கோவிலுக்குப் போய்வந்தேன். ராஜபாளையத்திலிருந்து மேற்கே பத்துக் கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோவுக்குப் போகவர நானூறு ரூபாய், அரை மணி நேரம் நிற்பதும் அதிலேயே சேர்த்தி. மாந்தோப்புகளுக்கு நடுவில் போகிற பாதை. அருவியில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் விழுந்தது. வனத்துறைக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நான் சாமி கும்பிட அதிகம் போகிறவன் இல்லை. அன்று அய்யனார் முன்னால் நின்று, ஜிம்பாப்வே நன்றாக ஆட வேண்டும் என்று வேண்டினேன். அய்யனாருக்கு இது என்ன நாடு என்று புரிந்திருக்குமா தெரியவில்லை. திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யாருக்காக வேண்டினீர்கள் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "மழ பெஞ்சா மேட்ச் நிக்கும்லா சார்?" என்றார். ஆடி மாதம் அங்கே குளிர்காலம், சொட்டு மழை கிடையாது என்றேன். அதற்கு மேல் அவருக்கும் யோசனை ஓடவில்லை.

அன்றைக்கு முழுவதும் நியூசிலாந்து அடித்தது. ஆட்டம் முடியும்போது நான்கு விக்கெட்டுக்கு 502. இன்னும் ஆடட்டும், நாளை முழுக்க ஆடட்டும், இரண்டாயிரம்கூட அடிக்கட்டும் என்று நினைத்தேன். அவர்கள் ஆடுகிற நேரமெல்லாம் எங்களுக்கு லாபம். சாகுல் அன்று பாதி நேரம் மருந்து மயக்கத்தில் இருந்தான். விழிக்கும்போதெல்லாம் ஸ்கோர் கேட்டான், பிறகு நஸ்ரின் எங்கே வருகிறாள் என்று கேட்டான். மஸ்கட்டில்தான் இருக்கிறாள் என்றோம்.

சனி, மதியம் 1.30. நியூசிலாந்து போதும் என்று நிறுத்திக்கொண்டுவிட்டது. 364 ரன் பின்தங்கிய நிலையில் ஜிம்பாப்வே மறுபடி ஆட வந்தது. உணவு இடைவேளைக்குள் நான்கு பேர் போனார்கள். அதற்குப் பிறகு விக்கெட்டுகள் பூசணிக்காய் மாதிரி உருண்டன. வாத்தியார் மட்டும் ஒரு பக்கம் கட்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசிக்க வாசிக்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது. வாசலில் வந்து நிற்கிற பாத்திமா, மிச்சம் எத்தனை ஆள் என்று விரலால் கேட்பாள். நானும் விரலால் காட்டுவேன். ஐந்து விரலில் ஆரம்பித்து ஒரு விரலுக்கு வந்தோம்.

மாலை 5.50. ஸ்கோர் 121. நெட்டையன் பந்து போட்டார். போனில் ஒரு சிவப்புக் கட்டம் வந்தது. கடைசி ஆளும் போல்டு. ஒரு இன்னிங்ஸும் 243 ரன்னும் வித்தியாசத்தில் நியூசிலாந்து வெற்றி. மூன்றே நாள், அதிலும் இரண்டரை மணி நேரம் மிச்சம்.

"போல்டு," என்று என் வாய் சொல்லிவிட்டது. சாகுலின் கை விரிப்பைப் பிடித்தது. வாசலில் பாத்திமா இளநீர் டம்ளரோடு நின்றாள். அவளுக்குப் போல்டு என்ற சொல் தெரியும். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இரு இரு, அம்பயர் கை நீட்டியிருக்காரு. நோபால்," என்றேன்.

சாகுல் பிடித்திருந்த விரிப்பை மெதுவாக விட்டான். துண்டுக்குக் கீழே உதடு அசைந்தது. "தப்பிச்சான்," என்றான்.

நான் எட்டரை வரை விடாமல் வாசித்தேன். போனில் அப்போது பரிசளிப்பு முடிந்து ஆட்களே கிளம்பிப் போயிருந்தார்கள். வாத்தியாரும் பதினோராவது ஆளும் என் வாயில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது பாத்திமாவிடம் உண்மையைச் சொன்னேன். திங்கள் வரைக்கும் சொல்வீர்களா அண்ணே என்றாள். சொல்கிறேன் என்றேன். ஊரில் வேறு யாரும் இந்த மேட்ச்சைப் பார்க்கவில்லை என்பது ஒரு பெரிய பாதுகாப்பு. வில்லிபுத்தூரிலேயே ஜிம்பாப்வேயின் ஸ்கோர் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஞாயிறு, காலை 9.00. லாட்ஜ் அறையில் உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நாலாம் நாள் ஆட்டத்தை எழுதினேன். முப்பத்தைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்திருக்கிறேன். இவ்வளவு கவனமாக ஒரு காகிதத்தையும் எழுதியதில்லை. மழையைக் கொண்டுவரவில்லை, அந்த ஊர் குளிர்காலம் சாகுலுக்கும் தெரியும். ரன்னையும் அதிகம் கொடுக்கவில்லை. வாத்தியாருக்கு ஓவருக்கு ஒன்று, இரண்டு. பதினோராவது ஆளுக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. இடையில் ஒரு கேட்ச்சை ஸ்லிப்பில் நழுவவிட்டேன். உலகத்தில் எந்தக் கடைசி ஜோடியும் இரண்டு நாள் ஆடியதில்லை என்பது எனக்குத் தெரியும். மருந்து மயக்கத்தில் அவன் அதையெல்லாம் கணக்குப் பார்க்க மாட்டான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அன்று சாகுலுக்கு மூச்சு வாங்கியது. நர்ஸம்மா இரண்டு முறை வந்தார். விழித்திருக்கும் பத்து நிமிஷம், கால் மணி நேரத்துக்கு மட்டும் நான் வாசித்தால் போதும். தூங்கும்போது பேசாமல் இருந்தால், விழித்ததும் "அடப்பாவி, நிப்பாட்டிட்டியா?" என்கிற மாதிரி முகத்தைத் திருப்புவான். அதனால் தூங்கும்போதும் மெதுவாக வாசித்தேன். பாத்திமா அவன் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இதெல்லாம் கட்டுக்கதை என்று தெரிந்தும், பதினோராவது ஆளைப் பந்து தாண்டிப் போனபோது அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

மாலை ஏழு மணி இருக்கும். நெட்டையனின் ஓவர் ஒன்று முடிந்தது. பாத்திமா மருந்து கொடுக்க எழுந்தாள், அவனைத் தூக்கிப் பிடிக்க நானும் எழுந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து நோட்டை எடுத்து, "மறுபடியும் நெட்டையன் ஓடி வாராரு," என்று ஆரம்பித்தேன். சாகுலின் வலது கை விரிப்பிலிருந்து அரையடி உயர்ந்தது. வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையசைத்தான். கை இறங்கியது.

ராஜபாளையத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் நோட்டைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு ஓவர் போடக் கூடாது. தெருவில் ஆடுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சட்டம். நான் பக்கம் மாறிப் படித்திருக்கிறேன்.

திங்கள், காலை 9.40. நஸ்ரின் வந்துவிட்டாள். திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாகக் காரில் ஐந்து மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சாகுல் துண்டை எடுத்துவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் கூசிக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவன் துண்டைத் திரும்பப் போட விடவில்லை. நான் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு, பிறகு இன்னொரு டீயும் குடித்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

மதியம் 1.30. பயணக் களைப்பில் நஸ்ரின் உள்ளறையில் தூங்கிவிட்டாள். நானும் பாத்திமாவும் அவன் பக்கத்தில் இருந்தோம். ஐந்தாம் நாள் ஆட்டத்தை நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். தொண்டையைச் செருமி, வாத்தியார் களத்துக்கு வருகிறார் என்று ஆரம்பித்தேன்.

சாகுல் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "ஏலே, நேத்து நெட்டையனுக்கு ரெண்டு ஓவரைச் சேத்துக் குடுத்துட்டியே."

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நோபால்னு நீ சொன்னப்பயே தெரியும். அவனுக அஞ்சு நாள் ஆடமாட்டானுகன்னு எனக்குத் தெரியாதா?" ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினான். "எம்புட்டுப் பொய்யும் சொல்லு மாப்ள. சட்டத்துக்குள்ள சொல்லு."

சிரிக்கிறேன் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையில் எலும்பு மட்டும்தான் இருந்தது. அவன் அதைக் கொஞ்சம் அழுத்தினான்.

"அவதான் வந்துட்டால்லா. அந்தப் பதினோராவது ஆளு பாவம், ரெண்டு நாளா நிக்கான். அவுட் ஆக்கிரு."

பாத்திமாவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு அவளே பேசினாள். இத்தனை வருஷத்தில் அவன் விளையாட்டுக்குள் அவள் சொன்ன முதல் சொல் அதுதான்.

"அஞ்சு நாள்னுதான சொன்னீய. இன்னைக்கு ராத்திரி எட்டரை வரைக்கும் இருக்கு."

சாகுல் அவளிருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "சரி, ஆடச் சொல்லு," என்றான்.

எட்டரை வரை ஆடினார்கள். இந்தத் தடவை பந்துவீச்சாளர்களை முனை மாற்றி மாற்றிக் கவனமாகப் போடவைத்தேன். நஸ்ரின் நாலு மணிக்கு எழுந்து வந்து, அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் கேட்டாள். ஏழு மணிக்குப் பிறகு அவன் கேட்டானா என்று தெரியாது, மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசி ஓவரின் கடைசிப் பந்தை வாத்தியார் குனிந்து கட்டை போட்டார். மேட்ச் டிரா என்று அறிவித்தேன். பாத்திமா அவன் காதருகே குனிந்து, முடிந்துவிட்டது என்று சொன்னாள்.

செவ்வாய், மாலை 6.15. காலை பத்து மணிக்குச் சாகுல் போய்விட்டான். மனைவி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் இருந்தார்கள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தோம். நானும் மூன்று பிடி மண் போட்டேன். அவ்வளவு கனமான மண்ணை என் கை அதற்கு முன் தொட்டதில்லை. முதல் ஜோடியில் இனி நான் ஒற்றை ஆள்.

ஆட்டோ வாசலில் நின்றது. ஊருக்குத் திரும்ப இந்தத் தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனிலேயே வண்டி ஏறுகிறேன். நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது நஸ்ரின் போனோடு வாசலுக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா, அத்தா கடைசியாப் பாத்த மேட்ச், அதோட ஸ்கோரை எடுத்து வச்சுக்கலாம்னு தேடுனேன். சனிக்கெழமையே முடிஞ்சிருச்சுன்னு போட்டுருக்கு. தப்பா இது?"

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு இன்னிங்ஸும் 243 ரன்னும். தேதியும் இருந்தது. அவளுக்குப் பின்னால், வெள்ளைச் சேலையில் பாத்திமா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு நாளை அவன் எதற்காக இழுத்துப் பிடித்தான் என்று தெரிந்தால் இந்தப் பெண் ஆயுசுக்கும் அந்தப் பாஸ்போர்ட் தாமதத்தை நினைத்து அழுவாள். தெரியாவிட்டால் அவன் செய்தது இவளுக்குத் தெரியாமலே போகும். எது சரி என்று சொல்ல அங்கே அம்பயர் இல்லை.

"தப்பாத்தான் போட்டிருக்கான்மா," என்றேன். "அஞ்சு நாளும் ஆடினாங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். போனை அணைத்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஆமா மாமா," என்றாள். "நான் வார வரைக்கும் ஆடுனாங்க."